நுங்கம்பாக்கத்துத் தூணும் லடாக்கின் தொலைநோக்கியும்: இந்திய வானியற்பியல் நிறுவனம் வளர்ந்த கதை

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் சென்னையில் எல்லோரும் காத்திருந்து கேட்கும் கணக்கு ஒன்று உண்டு. நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர் என்று வரும் அந்த மழைக்கணக்கில் முதலில் சொல்லப்படும் இடம், கல்லூரிச் சாலையில் உள்ள மண்டல வானிலை மையம். அதன் வளாகத்துக்குள், சாலையில் போவோரின் கண்ணில் படாத ஓரிடத்தில், ஏறத்தாழ பத்து டன் எடையுள்ள கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. மழைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. 1792-ல் கட்டப்பட்ட வானாய்வுக் கூடத்தில் விண்மீன்களின் நிலையை அளக்கும் கருவியைச் சற்றும் அதிராமல் தாங்கி நிற்பதற்காக நடப்பட்ட தூண் அது. இன்று பெங்களூரின் கோரமங்கலாவில் தலைமையகத்தையும், கொடைக்கானல், காவலூர், லடாக் ஆகிய இடங்களில் ஆய்வுக்கூடங்களையும் கொண்டிருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம், தன் பிறப்பை இந்தத் தூணிலிருந்துதான் கணக்கிட்டுக்கொள்கிறது.

ஏறத்தாழ 240 ஆண்டுகள் நீளும் அந்த வரலாற்றை வரிசையாகப் படித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். இங்கே வானியலை வானியலுக்காகவே எந்த ஆட்சியும் நெடுங்காலம் பேணவில்லை. முதலில் கப்பல்களுக்காகவும், பிறகு நிலப்படங்களுக்காகவும், அதன் பிறகு பருவமழைக்காகவும் பணம் ஒதுக்கப்பட்டது. அந்தந்தத் தேவை கொடுத்த இடத்தையும் கருவியையும் வைத்துக்கொண்டு, அங்கே பணிசெய்தவர்கள் தங்கள் அறிவியலையும் சேர்த்துச் செய்துகொண்டார்கள்.

தொடக்கம் எழும்பூரில். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியான வில்லியம் பெட்ரி, 1786-ல் தம் வீட்டு வளாகத்தில் சொந்தச் செலவில் ஒரு சிறு வானாய்வுக் கூடத்தை அமைத்தார். அந்தக் காலத்துச் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரைசேர வேண்டியிருந்தது. சோழமண்டலக் கரையின் ஊர்கள் உலகப் படத்தில் துல்லியமாக எங்கே இருக்கின்றன என்பதே கம்பெனிக்குச் சரியாகத் தெரியாத நிலையில், கரையோரத்தை அளந்துகொண்டிருந்த மைக்கேல் டாப்பிங் என்ற கடலளவையாளர், அரசே ஒரு வானாய்வுக் கூடத்தை நடத்த வேண்டும் என்று வலியுறுத்தினார். பெட்ரி தம் கருவிகளைக் கொடுத்துவிட, டாப்பிங் வரைந்த திட்டப்படி நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. வானியல், புவியியல், கடற்பயணம் ஆகியவற்றை வளர்ப்பதே அதன் நோக்கம் என்று எழுதிவைத்தார்கள். மூன்றில் பின்னிரண்டுக்காகத்தான் பணம் வந்தது என்பது என் கணிப்பு. இதே டாப்பிங் 1794-ல் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது.

வானத்தைப் பார்ப்பதால் கப்பலுக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு விடை கடிகாரத்தில் இருக்கிறது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே இரண்டு ஊர்களின் உள்ளூர் நேரங்களுக்கு இடையிலான வேறுபாடு தெரிந்தால், அவற்றின் தீர்க்கரேகை வேறுபாடும் தெரிந்துவிடும். தந்தி இல்லாத காலத்தில் கிரீனிச்சின் நேரத்தைச் சென்னையிலிருந்து அறிய, இரண்டு இடங்களிலிருந்தும் பார்க்கக்கூடிய ஒரு நிகழ்வு வேண்டும். வியாழனின் துணைக்கோள்கள் அதன் நிழலுக்குள் மறைந்து வெளிப்படும் கணங்கள் அதற்குப் பயன்பட்டன. டாப்பிங்கிடம் உதவியாளராக இருந்து, அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜான் கோல்டிங்ஹாம் இத்தகைய அவதானிப்புகளைப் பல ஆண்டுகள் தொகுத்து, 1802-ல் சென்னையின் தீர்க்கரேகை 80 பாகை 18 கலை 30 விகலை (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை) என்று அறிவித்தார். கிரீனிச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது என்று இந்திய ரயில்வே பின்னாளில் நாடு முழுவதும் கடைப்பிடித்த ‘மெட்ராஸ் நேரம்’ இந்த எண்ணிலிருந்து பிறந்ததுதான். 1906-ல் 82½ பாகைக் கோட்டை அடிப்படையாகக் கொண்ட இந்திய சீர்நேரம் வரும்வரை அது புழக்கத்தில் இருந்தது.

அந்த எண் முற்றிலும் சரியானதன்று. நுங்கம்பாக்கத்தின் தீர்க்கரேகை உண்மையில் 80 பாகை 15 கலைக்குச் சற்றே குறைவு. வேறுபாடு மூன்றரைக் கலைக்குச் சற்று அதிகம், தரையில் சொன்னால் ஆறு கிலோமீட்டருக்கு மேல், நேரத்தில் சொன்னால் கால் நிமிடத்துக்கும் குறைவு. ஒரு கலைப் பிழைக்கு நான்கு வினாடி போதும் என்னும்போது, வியாழனின் துணைக்கோள் மங்கி மறையும் கணத்தைக் கண்ணால் பார்த்துக் குறித்தவர்கள் இந்த அளவுக்கு நெருங்கியதே பெரிது. அதே 1802-ம் ஆண்டு பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவைப் பணி, நுங்கம்பாக்கத்தையே தன் தீர்க்கரேகைக்கு ஆதாரமாகக் கொண்டது. கோல்டிங்ஹாம் கட்டடக்கலையும் அறிந்தவர். அண்ணா சாலைக்கு அருகே இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் அழைக்கும் மாளிகை அவர் கட்டியது. 1796-ல் அவர் தொடங்கிவைத்த வானிலைப் பதிவேடுகள், நாம் இன்று கேட்கும் மழைக்கணக்கின் மூதாதைகள்.

கணித அறிவியல்கள் ஆசியாவில் பிரிட்டிஷாரின் தாராளத்தால் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும் அறியட்டும் என்ற பெருமிதத்தோடுதான் அந்தத் தூணில் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் எழுத்துப் பொறிக்கப்பட்டது. ‘முதன்முதலாக’ என்ற சொல்லைப் பொய்யாக்கும் சான்று, அதே வானாய்வுக் கூடத்தைச் சேர்ந்த ஒருவர் மூலமாகவே வந்தது விந்தை. கோல்டிங்ஹாம் விடுப்பில் இருந்தபோது பொறுப்பு வகித்த ஜான் வாரன், பின்னர் இந்திய நாட்காட்டி முறைகளை ஆராய்ந்தபோது, புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு, ஏட்டில் ஓர் எழுத்தும் எழுதாமல், 1825-ல் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவருடைய பிழை சுமார் நான்கு நிமிடம். முடியும் நேரத்தில் பிழை ஒரு மணி நேரத்தை நெருங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சந்திரனின் ஓட்டத்தை 248 நாள் சுற்றாக, நாளுக்கு ஒரு வாக்கியமாகக் கட்டி, எழுத்துக்கு எண்ணாகப் பொருள்கொள்ளும் இந்த முறையின் வழிவந்ததே இன்றும் நம் வீடுகளில் புரளும் வாக்கியப் பஞ்சாங்கம். 2025 மார்ச்சில் சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் சொல்ல, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில் 2026-ல்தான் என்று அறிவித்ததால் ஏற்பட்ட குழப்பத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் குழப்பத்தின் ஒரு நுனியும் நுங்கம்பாக்கத்தில்தான் இருக்கிறது. சற்றுப் பின்னால் அதற்கு வருகிறேன்.

1830 முதல் 1848 வரை பொறுப்பில் இருந்த தாமஸ் கிளான்வில் டெய்லர், 11,015 விண்மீன்களின் நிலைகளை அளந்து அட்டவணையாக்கினார். நுங்கம்பாக்கத்தை ஐரோப்பிய வானியலாளர்கள் மதிக்கத் தொடங்கியது அந்த அட்டவணைக்குப் பிறகுதான். ஆனால் பலருக்கும் நினைவிருக்கும் பெயர் 1861-ல் வந்து சேர்ந்த நார்மன் போக்சனுடையது. விண்மீன்களின் ஒளித்தரத்தில் ஐந்து படிகளின் வேறுபாடு சரியாக நூறு மடங்கு ஒளி வேறுபாடு என்று அவர் 1856-ல் முன்வைத்த அளவுகோலைத்தான் உலகம் இன்றும் பயன்படுத்துகிறது. வந்த ஆண்டே அவர் நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஏசியா’ என்றே பெயர் வைத்தார். மேலும் சில சிறுகோள்களும் மாறொளிர் விண்மீன்களும் தொடர்ந்தன. தெருவிளக்குகளின் ஒளி இன்னும் வானத்தை விழுங்காத நுங்கம்பாக்கத்தை, இன்று அங்கே மாலை நேர நெரிசலில் நிற்கும் ஒருவர் கற்பனை செய்து பார்ப்பது கடினம்.

போக்சனின் முதன்மை உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்த அவர், ரெட்டிகுலம் என்ற தென்வான விண்மீன் குழுவில் ‘ஆர்’ எனக் குறிக்கப்படும் மாறொளிர் விண்மீனை 1867-ல் கண்டறிந்தார். 1872-ல் லண்டனின் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1874 டிசம்பரில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்த நிகழ்வுக்கு முன்னதாக, அது என்ன, எப்படிப் பார்ப்பது என்று மக்களுக்கு விளக்கும் சிறுநூலை எழுதி இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். அவர் செய்த இன்னொரு வேலை உறவினர் வட்டத்திலேயே எதிர்ப்பைச் சம்பாதித்திருக்கக்கூடியது. மனப்பாடமாக வந்த வாக்கியங்களை விட்டுவிட்டு, தொலைநோக்கியில் கண்ட நிலைகளோடு பொருந்தும்படி கணித்த திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். ‘திருக்’ என்றால் பார்வை. கண்ணால் கண்டதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதே அதன் கொள்கை. சனி எப்போது பெயர்கிறது என்று இன்று இரண்டு தேதிகள் சொல்லப்படும்போது, அதில் ஒரு தேதிக்குப் பின்னால் இந்த நுங்கம்பாக்கத்து உதவியாளரின் பிடிவாதமும் உண்டு. அவர் பெயரை இந்த ஊரில் எத்தனை பேர் அறிவார்கள் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

1868 ஆகஸ்ட் 18-ம் நாள் முழுச் சூரிய கிரகணம் குண்டூர், மசூலிப்பட்டினம் வழியாகச் சென்றது. பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் குண்டூரிலும், போக்சன் மசூலிப்பட்டினத்திலும் காத்திருந்தார்கள். சூரிய விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தபோது ஒளிரும் கோடுகள் தெரிந்தன. அவற்றுள், சோடியத்தின் கோட்டுக்கு அருகில் இருந்தும் அதனோடு பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு, பின்னர் ஹீலியம் என்ற புதுத் தனிமத்துடையது என்று அறியப்பட்டது. விண்மீன் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த வானியல், அது எதனால் ஆனது என்று கேட்கத் தொடங்கிய காலம் அது. நுங்கம்பாக்கத்தின் கருவிகள் முதல் கேள்விக்காகவே செய்யப்பட்டவை.

மாற்றத்துக்கான பணம் வந்த வழி கொடியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதற்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கருத்து அந்நாளைய அறிவியலாளர் சிலரிடம் வலுவாக இருந்தது. சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்று அரசு நம்பியது. அப்படி எளிய தொடர்பு எதுவும் கடைசிவரை கிடைக்கவில்லை. நம்பிக்கை பொய்த்தாலும் ஆய்வுக்கூடம் கிடைத்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிக்கி ஸ்மித், பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் தேடி, போக்சன் 1891-ல் மறைந்த பின் அரசு வானியலாளர் பொறுப்பையும் ஏற்றார். 1895-ல் ஆளுநர் வென்லாக் பிரபு கொடைக்கானலில் அடிக்கல் நாட்டினார். 1899-ல் வானியல் பணி மலைக்குச் சென்றது. நுங்கம்பாக்கத்தில் நேரம் காட்டுவதும் வானிலை குறிப்பதும் மட்டும் மிஞ்சின. பிரிந்த இரு கிளைகளும் ஒரே வானிலைத் துறையின் கீழ் வைக்கப்பட்டன. சூரியனைப் படம் பிடிப்பவர்கள் மழை அளப்பவர்களின் நிர்வாகத்தில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்ததற்கு அந்தப் பஞ்சமே காரணம்.

கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில், காலை வேளையில் காற்று தெளிந்து அமைதியாக இருக்கும் கொடைக்கானல், சூரியனைப் பார்க்க ஏற்ற இடம். 1907-ல் அங்கே வந்த ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் வெளிவளையத்திலிருந்து வந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்து, 1909 ஜனவரியில் அதன் கோடுகள் சற்றே இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியின் ஒரு பக்கத்தில் சிவப்பு நோக்கியும், மறு பக்கத்தில் நீலம் நோக்கியும் அவை விலகியிருந்தன. ரயில் நம்மை நெருங்கும்போதும் விலகும்போதும் அதன் ஊதல் சுருதி மாறுவதைப் போன்றது இது. புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பதே இதன் பொருள். வினாடிக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் வேகம். ‘எவர்ஷெட் விளைவு’ என்று பாடநூல்களில் இடம்பெற்ற இந்தக் கண்டுபிடிப்பே கொடைக்கானலுக்கு உலக முகவரி கொடுத்தது. அவருடைய மனைவி மேரியும் தேர்ந்த வானியலாளர். சூரிய விளிம்பின் தீக்கொழுந்துகளைப் பற்றிய விரிவான ஆய்வை இருவரும் சேர்ந்தே வெளியிட்டார்கள்.

எவர்ஷெட் விளைவைவிடவும் கொடைக்கானலின் பெருஞ்செல்வமாக நான் கருதுவது அதன் கண்ணாடித் தகடுகளை. 1904 முதல், மேகம் விட்ட நாள்களிலெல்லாம், சூரியனின் முழுவட்டம் அங்கே படம் பிடிக்கப்பட்டு வந்திருக்கிறது. சாதாரண ஒளியில் மட்டுமன்றி, கால்சியம் உமிழும் ஊதா ஒளியை மட்டும் பிரித்தெடுத்தும், பின்னர் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியிலும், கண்ணுக்குத் தெரியும் சூரியப் பரப்புக்கு மேலுள்ள அடுக்கு பதிவாகியிருக்கிறது. இரண்டு உலகப் போர்கள், ஆட்சி மாற்றம், பணத்தட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் இடையில் அந்தந்த நாளின் தகட்டை யாரோ ஒருவர் கழுவி, தேதி எழுதி, பெட்டியில் வைத்திருக்கிறார். அதில் பெரும்பாலோர் ஆய்வுக் கட்டுரைகளில் பெயர் வராத உள்ளூர்ப் பணியாளர்கள்.

எவர்ஷெட் 1923-ல் ஓய்வு பெற்ற பின் வேகம் தணிந்தது. 1937-ல் ஏ. எல். நாராயண் முதல் இந்திய இயக்குநரானார். போர் முடியும் தறுவாயில் மேகநாத் சாகா தலைமையிலான குழு வானியலை விரிவாக்கப் பரிந்துரைத்தது. அதன் பலன்கள் மெல்லவே வந்தன.

1960-ல் கொடைக்கானலுக்கு இயக்குநராக வந்த வைணு பாப்பு, 1927-ல் சென்னையில் பிறந்தவர். ஹைதராபாத் நிஜாமியா வானாய்வுக் கூடத்தில் பணிசெய்த தந்தையின் நிழலில் தொலைநோக்கிகளோடு வளர்ந்தவர். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே, 1949-ல், 22 வயது நிறைவதற்கு முன்பாக ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். ஒலின் வில்சனோடு சேர்ந்து 1957-ல் அவர் வெளியிட்ட முடிவும் அதே கால்சியம் ஒளியைப் பற்றியதுதான். குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் அந்தக் கால்சியம் கோட்டின் நடுவே தோன்றும் ஒளிர்பகுதி எவ்வளவு அகலமோ, அந்த அளவுக்கு விண்மீனின் உண்மை ஒளி அதிகம். உண்மை ஒளி தெரிந்தால் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். வெளிநாட்டிலேயே வாழ்வை அமைத்துக்கொள்ளக்கூடிய இந்த மனிதர், வானிலைத் துறையின் ஒரு மலைக்கிளைக்குத் தலைவராக வந்தார்.

கொடைக்கானல் பகலுக்கு ஏற்றது. இரவு வானுக்கு மேகம் அதிகம். விண்மீன்களைப் பார்க்க வேறிடம் தேடிய பாப்பு, ஜவ்வாது மலையில், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறிச்செல்லும் சாலையில் உள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். உயரம் 725 மீட்டர்தான். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு 12½ பாகை தொலைவில் இருப்பதால், ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவின் பெரும்பகுதியிலோ தெரியாத தென்வானம் அங்கே நன்றாகத் தெரியும். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு வேலை தொடங்கியது. 1972-ல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10-ம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, மறைப்புக்கு முன்னும் பின்னும் அந்த விண்மீனின் ஒளி கணநேரம் மங்கி மீண்டது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்கு, பறக்கும் விமானத்திலிருந்து அமெரிக்கர்கள் பதிந்த முதன்மைச் சான்றோடு, காவலூரின் பதிவும் துணைநின்றது.

1971 ஏப்ரல் முதல் நாள், கொடைக்கானலும் காவலூரும் வானிலைத் துறையிலிருந்து பிரிந்து, தன்னாட்சி கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனமாயின. கப்பல், நிலவரைபடம், மழை என எந்தச் சாக்கும் இல்லாமல், வானத்தை அறிவதற்காகவே அரசு பணம் கொடுத்தது அப்போதுதான். 1975-ல் தலைமையகம் பெங்களூருக்குப் போனது. இந்திய அறிவியல் கழகமும் ராமன் ஆய்வு நிறுவனமும் விண்வெளித் துறையும் ஒருசேர இருந்த ஊர் அது. சென்னைக்காரன் என்ற முறையில் சிறு வருத்தம் இருந்தாலும், 1899-லேயே நாம் இழந்துவிட்டதை 1975-ல் யாரோ பறித்ததாகச் சொல்வது முறையாகாது.

பாப்புவின் பெருங்கனவு, இந்தியாவிலேயே ஒரு பெரிய தொலைநோக்கியை வடிவமைத்துக் கட்டுவது. வெளிநாட்டில் வாங்கி நிறுத்துவது எளிது. செய்யக் கற்றுக்கொண்டவர்கள் நம்மிடம் மிஞ்சமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். 2.34 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடி வட்டு மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகிட்டு ஆடியாக்கியது பெங்களூரில். தாங்கும் இயந்திர உடலை வால்சந்த்நகர் தொழிற்சாலை செய்தது. உலக வானியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்த பாப்பு, 1982 ஆகஸ்டில் மியூனிக்கில் காலமானார். 1986 ஜனவரி 6-ம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தபோது அந்தத் தொலைநோக்கிக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜன் பெயரைத் தாங்கிய சிறுகோள் காவலூரில் 1988-ல் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்தது.

காவலூருக்கும் எல்லை உண்டு. இரண்டு பருவமழைகளுக்கும் இடையே அகப்படும் மலை அது. ஈரக்காற்று அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடும். மழை மறைவில், காற்றில் ஈரமே அரிதான லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், இரண்டு மீட்டர் ஆடியுள்ள இமாலய சந்திரா தொலைநோக்கி 2000-ல் நிறுவப்பட்டது. மூச்சுவிடவே சிரமமான அந்த உயரத்தில் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையில் உட்கார்ந்துகொண்டு, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக அதை இயக்குகிறார்கள்.

அதற்கும் மேலே காற்றே இல்லாத இடம். புற ஊதாக் கதிர்களைப் பூமியின் வளிமண்டலம் தடுத்துவிடுவதால், அவற்றைப் பார்க்கும் இரட்டைத் தொலைநோக்கியை இந்நிறுவனம் முன்னின்று உருவாக்க, 2015 செப்டம்பரில் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் அது ஏறியது. அவற்றின் ஆடிகள் சுமார் 38 சென்டிமீட்டர், காவலூரின் முதல் தொலைநோக்கியின் அளவேதான். 2023 செப்டம்பர் 2-ம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய, சூரியனை ஆராயும் விண்கலமான ஆதித்யா-எல்1, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள தன் இடத்தை 2024 ஜனவரி 6-ம் நாள் அடைந்தது. காவலூரின் பெரிய தொலைநோக்கி திறக்கப்பட்ட அதே தேதி என்பது தற்செயல். அதில் உள்ள முதன்மைக் கருவி இந்த நிறுவனம் செய்தது. சூரிய வட்டத்தைத் தனக்குள்ளேயே ஒரு தடுப்பால் மறைத்து, சுற்றியுள்ள மங்கலான ஒளிவட்டத்தை மட்டும் பார்ப்பது அதன் வேலை. 1868-ல் மசூலிப்பட்டினத்தில் சில நிமிடங்களுக்காகக் காத்திருந்தார்களே, அந்தக் கிரகணத்தை நாள் முழுவதும் செயற்கையாக உண்டாக்கிக்கொள்ளும் கருவி என்று சொல்லலாம்.

இந்தக் கருவிக்கும் பழைய பாணியிலேயே ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் மின்னேற்றத் துகள் கூட்டங்கள் செயற்கைக்கோள்களையும் மின்கட்டமைப்புகளையும் குலைக்கக்கூடியவை என்பதால் அவற்றை முன்கூட்டியே அறிய வேண்டியிருக்கிறது. நாளொன்றுக்கு 1,440 படங்கள் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்ட அதன் பதிவுகள் சில ஆண்டுகளுக்கே உரியவை. சூரியனின் காந்தச் சுழற்சி நூற்றாண்டுக் கணக்கில் எப்படி மாறியது என்று அறிய வேண்டுமானால், எண்ணிமப்படுத்தப்பட்டுவிட்ட கொடைக்கானல் தகடுகளிடம்தான் திரும்ப வேண்டும். அந்தத் தகடுகள் இருக்கும் அதே மலைக் கூடத்தில், நுங்கம்பாக்கத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பதினெட்டாம் நூற்றாண்டின் ஷெல்டன் ஊசல் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.